யார் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாசம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது வேலை. யார் பிள்ளையை யார் பார்க்க வேண்டும், எந்தப் பிள்ளை பார்க்க நாதியில்லாமல் கிடக்க வேண்டும் என்பதை அதிகாரம்தான் தீர்மானித்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த காலத்தில் கறுப்பினப் பெண் எஜமானின் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவள் பெற்றது குடிசையில் அழுதுகொண்டு கிடந்தது. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் வெள்ளையர் வீட்டு அடுப்படியும் தொட்டிலும் அவள் தலையில்தான் விடிந்தன. 'ஹேர் லவ்' என்கிற ஏழு நிமிஷ அனிமேஷன் படத்தைப் பற்றிப் பேச இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. குழந்தைங்க படம்தானே, இதுல எதுக்கு அரசியல் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைகள் படத்தில் அரசியல் எப்போது இல்லாமல் இருந்தது? நம்ம வீட்டுப் பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்க்கிற 'டாம் அண்ட் ஜெர்ரி'யையே எடுத்துக்கொள்ளலாம். 1940 பிப்ரவரியில் வந்த முதல் படத்திலேயே ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண் வருகிறாள். தடித்த கால்கள், செருப்பு, துடைப்பம், அதட்டுகிற குரல். அவ்வளவுதான் அவள். 1952 வரை வந்து போனவளுக்கு முகம் என்று ஒன்றைக் காட்டியதே இல்லை என்று சொல்லிவிடலாம். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. இந்தச் சித்திரிப்புக்கு எதிர்ப்பு இருந்தது. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? அவளை அழித்துவிட்டு ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து வைத்தார்கள். முகம் கொடு என்று கேட்டால் ஆளையே தூக்கிவிடுவது ஆதிக்கத்தின் பழைய தந்திரம்.

அதே வரிசையில் 1958இல் 'டாட் வாட்சர்ஸ்' என்றொரு படம். பிள்ளை பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண் போனில் அரட்டையடிக்கிறாள். குழந்தை தவழ்ந்து தவழ்ந்து கட்டடம் கட்டுகிற இடத்துக்குப் போய்விடுகிறது. பூனையும் எலியும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகின்றன. இதில் வெள்ளைப் பெண்ணின் அலட்சியம் ஒரு குறும்பு, சிரித்துவிட்டுப் போகலாம். கறுப்புப் பெண்ணுக்கோ வேலை செய்வதும் கேலி, கோபப்படுவதும் கேலி.

1940 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. 'கான் வித் த விண்ட்' படத்தில் வெள்ளையர் வீட்டு ஆயாவாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பர் அவர். விழா நடந்த ஓட்டலில் கறுப்பர்களை அனுமதிக்கிற வழக்கமில்லை. சிபாரிசு பண்ணி உள்ளே விட்டு, சக நடிகர்களோடு சேர்க்காமல் தனி மேசை போட்டு உட்கார வைத்தார்கள். தனி டம்ளரைப் பார்த்த நமக்குத் தனி மேசை புரியாதா?

சரியாக 80 வருஷம் கழித்து, 2020 பிப்ரவரியில், சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்காரை 'ஹேர் லவ்' வாங்கியது. எழுதியவர் மாத்யூ செர்ரி. அமெரிக்கக் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்து சினிமாவுக்கு வந்தவர். எவரெட் டவுனிங், புரூஸ் ஸ்மித் இருவரோடும் சேர்ந்து இயக்கினார். 2017இல் இந்தப் படத்துக்காகப் பொதுமக்களிடம் 75 ஆயிரம் டாலர் கேட்டார். வந்து சேர்ந்தது 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். நாம சந்தா பிரித்து இதழ் போடுகிற மாதிரிதான். சோனி கம்பெனி பிறகுதான் கை கோத்தது. சனங்களின் காசு முதலில் வந்ததால் சனங்களின் கதை பிழைத்தது என்பது என் கணிப்பு.

கதை எளிமையானது. ஸூரி என்கிற சிறுமிக்கு அன்றைக்கு முக்கியமான நாள். அவளுடைய அடர்ந்த சுருள்முடியை வாரிப் பின்ன வேண்டும். அம்மா வீட்டில் இல்லை. அம்மா எடுத்துவைத்த வீடியோவைப் பார்த்துத் தானே செய்து பார்க்கிறாள், முடியவில்லை. அப்பா வருகிறார். மகளின் முடி அவரோடு குத்துச்சண்டை போட்டு அவரைச் சாய்த்துவிடுகிறது. ஒரு தொப்பியை மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார். மகள் முகம் சுருங்கிப்போகிறது. கடைசியில் அந்த வீடியோவைப் போட்டு, அம்மாவின் குரல் சொல்லச் சொல்ல, அப்பாவின் தடித்த விரல்கள் பழகுகின்றன. பிறகு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிகிச்சையில் முடியெல்லாம் உதிர்ந்த அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். முடியில்லாத தலையில் கிரீடம் வைத்து மகள் வரைந்த படத்தைப் பார்த்துத் தலைத்துணியை அவிழ்க்கிறாள்.

அங்கே முடி வெறும் முடியல்ல. சுருள்முடியையும் திரித்துவிட்ட முடியையும் 'ஒழுங்கில்லை' என்று பள்ளிக்கூடமும் வேலைத்தலமும் வெளியே தள்ளியிருக்கின்றன. அதைத் தடுக்கும் சட்டத்தை 2019இல் கலிபோர்னியாதான் முதலில் கொண்டுவந்தது. விருது வாங்கிய மேடையில் செர்ரி அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். 'எண்ணெய் வழியிற தலை', 'பரட்டை' என்று வகுப்பறையில் பேர் வாங்கிய நம்ம பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படத்தை நான் கொண்டாடுவது முக்கியமாக வேறொரு காரணத்துக்காக. கறுப்பு அப்பனைப் பொறுப்பில்லாதவன், ஓடிப்போனவன் என்றே காட்டிவந்த பொதுப்புத்திக்கு இந்தப் படம் நேரடியாகப் பதில் சொல்கிறது. அதே சமயம் அவனைப் பெரிய மேதையாகவும் ஆக்கவில்லை. படத்தில் பேச்சு என்று கேட்பது அநேகமாக அம்மாவின் குரல் மட்டும்தான். வித்தை அவளுடையது, அவன் மாணவன். பிள்ளை வளர்ப்பது பெண்ணின் ரத்தத்தில் ஊறிய குணமில்லை, யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் என்று ஏழு நிமிஷத்தில் ஒரு குழந்தைக்குப் புரிகிறது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதானா அப்பா சீப்பைத் தொட வேண்டும்? ஒரு நாள் பின்னிவிட்டதற்கு நாம் கண்கலங்குகிறோம். தினம் தினம் பின்னியவளுக்காக எவன் கண்கலங்கினான்? அப்பன் பார்த்தால் 'பேபி சிட்டிங்', அம்மா பார்த்தால் கடமை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் லீவு எழுதிக் கொடுத்தபோது, 'வீட்டம்மா ஊர்ல இல்லையா சார்?' என்றுதான் கேட்டார்கள். வங்கி ஊழியர்களுக்கு 15 நாள் தந்தை விடுப்பே 2015 ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதையும் 'ரெஸ்ட் எடுங்க' என்று சிரித்துக்கொண்டே தருகிறார்கள்.

நம்ம லட்சணம் என்ன? விடுதலை பற்றி விடிய விடியப் பேசுகிற கூட்டங்களில் பெண் தோழர்கள் எத்தனை பேர் கடைசிவரை இருக்கிறார்கள்? பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போவது யார்? தீர்மானம் நிறைவேறும்போது அவள் மண்டப வாசலில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடுவது நாம். எசமான் வீட்டுத் தொட்டிலைப் பற்றிக் கோபப்படத் தெரிந்த நமக்கு இந்தத் தொட்டில் கண்ணில் படுவதில்லை.

அதனால் ஒரு யோசனை. இனி எந்தக் கூட்டம் போட்டாலும் பக்கத்தில் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை ஒதுக்குவோம். அங்கே பாய், தண்ணீர், படம் வரையத் தாள், பார்க்க இந்தப் படம் இருக்கட்டும். பார்த்துக்கொள்வது ஆண் தோழர்கள், இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து. அழைப்பிதழில் பேச்சாளர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அவர்கள் பெயரையும் அச்சடிப்போம். மாணவத் தோழர்கள் முதலில் பெயர் கொடுக்கட்டும். தலைவர்களுக்கும் முறை உண்டு.