குறி தவறிய குண்டு

மராத்தியில் ஒருவர் தேர்தலில் டெபாசிட் இழந்தாலும், வியாபாரத்தில் மொத்தமாக மூழ்கினாலும் அவருக்குப் 'பானிபட்' ஆகிவிட்டது என்பார்கள். ஹரியானாவில் இருக்கும் ஓர் ஊரின் பெயர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புனேயில் தோல்விக்கு மறுபெயராகி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்த ஊரை விட்டு மராத்தி நாவலாசிரியர்களால் இன்னும் வெளியே வர முடியவில்லை.

1761 ஜனவரி 14 அன்று அகமது ஷா அப்தாலியின் படை மராட்டியரை ஒரே நாளில் நசுக்கியது. தலைமை தாங்கிச் சென்ற சதாசிவராவ் பாவ் மாண்டார். பேஷ்வா நானாசாகேபின் மூத்த மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு விழுந்தார். அவருக்குப் பதினெட்டு வயது. அதைக் கண்ட பாவ் யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறிப் போர்க்களத்துக்குள் பாய, காலி அம்பாரியைப் பார்த்த படை கலைந்து ஓடியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நானாசாகேப் அதே ஆண்டு ஜூன் மாதம் புனேயில் பார்வதி குன்றில் இறந்துபோனார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் எந்த நாவலையும் மிஞ்சுவது. பாவின் மனைவி பார்வதிபாய் தன் கணவர் இறந்ததை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1783இல் சாகும்வரை சுமங்கலிக் கோலத்திலேயே இருந்தார். நடுவே ஒருவன் 'நான்தான் சதாசிவராவ்' என்று கிளம்பினான். அவன் பின்னால் படையும் சேர்ந்தது. 1776இல் அவனுக்கு மரண தண்டனை விதித்துத்தான் விவகாரத்தை முடிக்க வேண்டியிருந்தது. அன்று வேறு மாதிரி நடந்திருந்தால் என்ற கேள்வியை எழுத்தாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. பேஷ்வாக்களின் வீட்டிலேயே அது குடியிருந்தது.

ரஞ்சித் தேசாயின் 'சுவாமி' (1962) இந்தத் தோல்விக்குப் பிறகு தொடங்குகிறது. பதினாறு வயதில் பேஷ்வாவாகி, சிதறிய ராஜ்யத்தைத் திரும்ப ஒட்டவைத்து, காசநோயில் 27 வயதில் புனே அருகே தேவூரில் இறந்த மாதவராவின் கதை. 1964இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. உருக்கமான புத்தகம்; சில இடங்களில் உருக்கம் அளவு மீறுகிறது. மாதவராவும் மனைவி ரமாபாயும் பேசிக்கொள்ளும் பகுதிகளுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படித்த தலைமுறை ஒன்று மகாராஷ்டிரத்தில் உண்டு.

விஸ்வாஸ் பாட்டீலின் 'பானிபட்' (1988) வேறு ரகம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவருக்கு ஒரு லட்சம் வயிறுகளை நிரப்புவது என்ன பாடு என்று தெரிந்திருக்கிறது. படையோடு கிளம்பிய யாத்ரீகர்கள், பெண்கள், வியாபாரிகள், வழி அடைபட்ட முகாம், தீனி கிடைக்காமல் விழும் குதிரைகள், தட்சிணத்துக்காரர்கள் அறிந்திராத வடநாட்டுக் குளிர் என்று பக்கங்கள் நகர்கின்றன. இரண்டு மாத முற்றுகைக்குப் பின் பட்டினி தாங்காமல்தான் அவர்கள் போருக்குப் புறப்பட்டார்கள் என்பது புரியும்போது வாள்வீச்சுக் காட்சிகள் இரண்டாம்பட்சமாகிவிடுகின்றன. அகந்தையால் தோற்றவர் என்று திட்டப்பட்டுவந்த பாவ் இதில் மனிதராகத் திரும்பி வருகிறார். கனமான புத்தகம்தான், எடிட்டர் ஒருவர் கத்தரியை எடுத்திருக்கலாம். ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வித்தியாசம் உறைக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் கல்கிக்குக் கைகொடுத்தவை உடையார்குடிக் கல்வெட்டு போன்ற சில வரிகளே. மீதியைக் கற்பனை நிரப்பியது. புனே எழுத்தாளருக்கோ காகிதம் அளவுக்கு மீறி இருக்கிறது. பேஷ்வா தஃப்தர் என்ற ஆவணக் குவியலிலிருந்து ஜி.எஸ்.சர்தேசாய் 1930களில் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்தவை மட்டும் 45 தொகுதிகள். 1910இல் தொடங்கிய பாரத் இதிகாஸ் சம்சோதக் மண்டலில் இன்னும் மோடி லிபிக் கட்டுகள் உண்டு. (அதே லிபியில் தஞ்சை சரஸ்வதி மகாலிலும் மராட்டிய மன்னர்களின் கணக்குவழக்குகள் தூங்குகின்றன. நாவலாசிரியர்கள் எட்டிப் பார்க்கலாம்.) கடிதங்களும் பக்கர் எனப்படும் பழைய உரைநடை வரலாறுகளும் நிறைந்த இடத்தில் எழுதும்போது, நாவலே ஒரு ஆவணம்போலத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

சிவாஜி சாவந்தின் 'சாவா' (1979) சிவாஜியின் மகன் சம்பாஜியைப் பற்றிய நாவல். 2025 பிப்ரவரியில் அது இந்திப் படமாக வந்தபோது தியேட்டர்களில் மக்கள் அழுதார்கள். தங்கள் முன்னோரைத் துரோகிகளாகக் காட்டிவிட்டார்கள் என்று ஷிர்கே வம்சத்தார் கொதிக்க, இயக்குநர் லக்ஷ்மண் உட்டேகர் வருத்தம் தெரிவித்தார். மார்ச்சில் அவுரங்கசீப் கல்லறை விவகாரம் நாக்பூரில் கலவரமாக வெடித்தபோது, மக்களின் கோபத்தை அந்தப் படம் தூண்டியிருக்கிறது என்று முதல்வர் தேவேந்திர பட்னாவிஸே சட்டசபையில் சொன்னார். புனேக்கு இது புதிதல்ல. 2004 ஜனவரி 5 அன்று பண்டார்கர் ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் நாசம் செய்தது. ஜேம்ஸ் லெய்ன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சிவாஜி பற்றி எழுதிய நூலில் அந்த நிறுவனத்தின் அறிஞர்களுக்கு நன்றி சொல்லியிருந்ததே காரணம். கற்பனையை வரலாறாக நம்புகிறவர்கள், வரலாற்று ஆய்வைக் கட்டுக்கதை என்று அடிக்க வருகிறார்கள்.

இந்தப் பின்னணியில் படிக்க வேண்டியவர் ஒரு விண்வெளி விஞ்ஞானி. 2025 மே 20 அன்று புனேயில் தன் 86ஆவது வயதில் காலமான ஜெயந்த் நார்லிகர், கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாயிலுடன் பிரபஞ்சக் கொள்கை வகுத்தவர். புனேயில் ஐயூகா ஆய்வு மையத்தை நிறுவியவர். 1974இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு, தன் புகழ் நடுவர்களை மயக்கிவிடக் கூடாது என்று தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளையும் தலைகீழாக்கிப் புனைபெயர் வைத்துக் கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார். பரிசும் வாங்கினார். 'வாமன் பரத் ந ஆலா' என்ற அவரது நாவலில், பூமிக்கடியில் கிடைக்கும் பெட்டி ஒன்று அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் அறிவையும், அந்த அழிவுக்குக் காரணமான சிந்திக்கும் இயந்திரத்தையும் நம் கையில் கொடுக்கிறது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை ரசித்தவர்களுக்கு நார்லிகரின் நடை கொஞ்சம் வறண்டதாகப் படும். ஆனால் பயம் நிஜமானது.

அவருடைய உச்சம் ஒரு நீண்ட சிறுகதை. மராத்தியில் 'கங்காதர்பந்தாஞ்சே பானிபட்'. ஆங்கிலத்தில் 'தி அட்வென்ச்சர்'. வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர்பந்த் கைத்தொண்டே புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். ரயிலின் பெயர் டெக்கான் குவீன் அல்ல, ஜீஜாமாதா எக்ஸ்பிரஸ். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் கடை விரித்திருக்கிறது. திகைத்த பேராசிரியர் நேராக ஏஷியாட்டிக் சொசைட்டி நூலகத்துக்குப் போய், ஐந்து தொகுதிகளாகத் தானே எழுதிய வரலாற்றைக் கேட்டு வாங்குகிறார். நான்கு தொகுதிகள் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவதில் பானிபட்டில் மராட்டியர் ஜெயித்திருக்கிறார்கள். குண்டு விஸ்வாஸ்ராவின் காதை உரசிக்கொண்டு போய்விட்டது.

இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் வேறு எழுத்தாளர் என்ன செய்திருப்பார்? காவிக் கொடியும் வெற்றி முரசுமாகப் பக்கங்களை நிரப்பியிருப்பார். நார்லிகரின் வெற்றி பெற்ற மராட்டியர் செய்யும் முதல் புத்திசாலித்தனமான காரியம் விஞ்ஞானக் கூடங்கள் கட்டுவது. ஐரோப்பிய நிபுணர்களை ஏற்றுக்கொள்கிறார்கள், சொந்தக் காலில் நிற்கும்வரை மட்டும். பிறகு நாடு மெல்ல ஜனநாயகத்துக்கு வருகிறது. ஆசாத் மைதானத்தில் நடக்கும் ஒரு கூட்டத்தில் தலைவர் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 999 கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் மேடையேறிவிட, தலைவர் சம்பிரதாயத்தையே ஒழித்துவிட்ட அந்த உலகத்து ஜனங்கள் முட்டையும் தக்காளியும் வீசுகிறார்கள். மராட்டியப் பெருமை பேச வந்த வாசகரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிறது.

கடைசியில் நண்பர் ஒருவர் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு, நாம் பார்க்கும் நிஜம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று விளக்குகிறார். இந்தப் பகுதி வகுப்பு எடுப்பதுபோல இருக்கிறது, மன்னித்துவிடலாம். முக்கியமானது, இது வேறோர் உலகம் என்று கதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. யாருடைய முன்னோருக்காகவும் யாரும் தெருவில் இறங்க வேண்டிய அவசியம் வரவில்லை.

தமிழ் வாசகருக்கு அந்தக் கதையில் ஒரு முள் இருக்கிறது. மராட்டியர் ஜெயித்த அந்த இந்தியாவில் கம்பெனியின் செல்வாக்கு பம்பாய், கல்கத்தா, சென்னையைச் சுற்றிய சிறு பகுதிகளுக்குள் சுருங்குகிறது. சென்னை அங்கேயும் தப்பவில்லை. பானிபட் போர் நடந்த அதே வாரத்தில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில். அவருடைய நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 1995இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்ற 'வானம் வசப்படும்' இரண்டையும் பாட்டீலின் நாவலோடு அடுத்தடுத்து வைத்துப் படிக்கலாம். பிரபஞ்சனும் ராஜாக்களைவிடத் தாசிகளையும் துபாஷிகளையும் அரிசி விலையையுமே அதிகம் கவனித்தவர். அங்கே ஒரு குண்டு தவறியிருந்தால் என்று எழுதிப் பார்க்க ஒரு தமிழ் நார்லிகர் கிடைக்கவில்லை.

காண்டேகரைத் தமிழர் வீட்டுப் பெயராக்கிய கா.ஸ்ரீ.ஸ்ரீ. மாதிரி மொழிபெயர்ப்பாளர் இப்போது அபூர்வம். அதுவரை ஆங்கிலம்தான் வழி. நார்லிகரின் கதை பல ஆண்டுகள் என்.சி.ஈ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், சற்றே சுருக்கிய வடிவில், இருந்து வந்தது. பழைய புத்தகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சி.பி.எஸ்.இ.யில் படித்து முடித்த பிள்ளை இருக்கும் வீடாக இருந்தால் பரணிலேயே இருக்கக்கூடும்.