ஓட்டுப் போடும் வரை ஏறாத பெட்ரோல் விலை

பெட்ரோல் விலையைத் தீர்மானிப்பது யார்? சாதாரண நாளில் டெல்லியில் இருப்பவர்களைக் கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "அரசுக்கு இதில் சம்பந்தமே இல்லைங்க. சர்வதேசச் சந்தையில் கச்சா எண்ணெய் ஏறினால் இங்கேயும் ஏறும், இறங்கினால் இறங்கும். எல்லாம் எண்ணெய் நிறுவனங்களின் முடிவு."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சர்வதேசச் சந்தைக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. இந்தியாவில் எங்காவது பெரிய தேர்தல் வந்தால் அது அப்படியே படுத்துத் தூங்கிவிடும். ஓட்டுப் பெட்டி பூட்டிய பிறகுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்திருக்கும்!

நம்பிக்கை இல்லையா? காலண்டரை எடுத்துப் பாருங்கள்.

2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை நிர்ணயம் வந்தது. தினமும் காலை 6 மணிக்குப் புது விலை. அதுவரை 15 நாளைக்கு ஒரு முறை மாறிக்கொண்டிருந்தது. இனி மொத்தமாக ஏறாது, பைசா பைசாவாக ஏறி இறங்கும், அரசியல் தலையீடே இருக்காது என்றார்கள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2018 ஏப்ரல் 24-ல் விலை நின்றது. மே 12-ல் கர்நாடகத்தில் வாக்குப்பதிவு. இடையில் மே 8-ல் ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. கச்சா எண்ணெய் ஏறியது, ரூபாய் சரிந்தது. பங்கில் மட்டும் அதே விலை. மொத்தம் 19 நாள். ஓட்டுப் போட்டு முடிந்த இரண்டாம் நாள், அதாவது மே 14-ல் மறுபடி ஏற ஆரம்பித்து, தொடர்ந்து 16 நாள் ஏறியது. டெல்லியில் மட்டும் லிட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 80 பைசா. பதினேழாம் நாள் பெரிய மனது வைத்துக் குறைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? 1 பைசா!

அடுத்தது 2021. தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம், அசாம் தேர்தல் தேதிகள் பிப்ரவரி 26-ல் அறிவிக்கப்பட்டன. பிப்ரவரி 27-ல் கடைசி ஏற்றம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு தடவைகூட ஏறவில்லை. நடுவில் சில பைசாக்கள் குறையவும் செய்தன. மே 2-ல் முடிவு. மே 4-ல் ஏற்றம் ஆரம்பம். ஜூலை 2-ல் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. ஏப்ரல் 6-ல் விரலில் வைத்த மை அழிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2022. உத்தரப்பிரதேசம் உள்பட 5 மாநிலத் தேர்தல். 2021 நவம்பர் 4-ல் நின்ற விலை 137 நாள் அசையவில்லை. சென்னையில் 101 ரூபாய் 40 பைசா, அப்படியே. நின்றபோது ஒரு பீப்பாய் 82 டாலர் அளவில் இருந்தது. பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் முதல் வாரத்தில் பீப்பாய் 130 டாலரைத் தாண்டியது. உலகமே ஆடிப்போனது, இந்திய பங்க் மட்டும் ஆடவில்லை. மார்ச் 7-ல் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு, 10-ல் முடிவு, 22-ல் ஏற்றம். அடுத்த 16 நாளில் 14 தடவை. சென்னையில் ஏப்ரல் 6 அன்று 110 ரூபாய் 85 பைசா.

ஒரு தடவை நடந்தால் தற்செயல். இரண்டாவது தடவை சந்தேகம். மூன்றாவது தடவையும் நடந்தால் அதற்குப் பெயர் என்ன?

இது ஒரு கட்சியின் வேலை என்று யாராவது குஷியானால், கொஞ்சம் பொறுங்கள். காங்கிரஸ் கூட்டணி அரசு 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. இனி நிறுவனங்களே முடிவு செய்யும் என்று அறிவித்தது. 2011 ஜனவரி நடுவில் ஒரு ஏற்றம். பிறகு லிபியாவில் கலவரம் வெடித்துக் கச்சா எண்ணெய் எகிறியபோதும் மாதக்கணக்கில் அமைதி. காரணம், தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளம், அசாம், புதுச்சேரித் தேர்தல். மே 13-ல் முடிவுகள் வந்தன. மே 14 நள்ளிரவு லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. ஜெயித்தவர்கள் போட்ட மாலை வாடுவதற்குக்கூடப் பொறுக்கவில்லை.

அதற்கு முன்பு? கச்சா எண்ணெய் சரிந்ததைக் காட்டி 2008 டிசம்பரிலும் 2009 ஜனவரியிலும் தலா 5 ரூபாய் பெட்ரோலில் குறைத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மக்களவைத் தேர்தல், வெற்றி. ஜூலை ஆரம்பத்திலேயே 4 ரூபாய் ஏற்றம்.

சிலிண்டர் கதையும் இதேதான். 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருடத்துக்கு 6 என்றார்கள். பிறகு 9 ஆனது. 2014 தேர்தல் நெருங்கியதும் ஜனவரியில் 12 ஆனது. ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை. 2023 ஆகஸ்ட் இறுதியில், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் தேர்தல்களுக்கு முன்பு, சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைப்பு. 2024 மார்ச் 8-ல் மகளிர் தினப் பரிசாக இன்னொரு 100. மார்ச் 15-ல் பெட்ரோல், டீசலுக்கு 2 ரூபாய் குறைப்பு. மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு. ஒரே ஒரு நாள் இடைவெளி! தேர்தல் முடிந்து, 2025 ஏப்ரலில் சிலிண்டர் 50 ரூபாய் ஏறியது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். விலை ஏறாமல் இருந்தால் மக்களுக்கு நல்லதுதானே? ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், விசைப்படகுக்கு டீசல் போடுகிற மீனவருக்கும் நாலு மாதமாவது நிம்மதி கிடைத்ததே, அதிலும் குறை சொல்வதா?

நிம்மதி கிடைத்தது உண்மை. ஆனால் அது தானம் இல்லை, கடன். கடனை வசூலிக்கும் தேதி தேர்தல் முடிந்த மறுநாள். நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டியது 16 நாளில் தலையில் இறங்கினால் அதைத் தாங்க வேண்டியவர் அதே ஆட்டோக்காரர்தான். மீட்டர் கட்டணத்தை அவர் தினமும் மாற்ற முடியாது. லாரி வாடகை மட்டும் உடனே ஏறும். கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறும். பெட்ரோல் பங்க் பக்கமே போகாத பாட்டியும் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவார்.

அந்த 137 நாள் நஷ்டம் காற்றில் கரைந்துவிடவும் இல்லை. 2022 மார்ச்சில் மொத்தக் கொள்முதல் டீசலுக்கு மட்டும் லிட்டருக்கு 25 ரூபாய் அளவில் ஏற்றினார்கள். மொத்தமாக டீசல் வாங்குவது யார்? அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். கேரளத்தின் கழகம் உயர் நீதிமன்றப் படி ஏறியது. பங்கில் கார்க்காரருக்கு ஒரு விலை, ஏழைகள் போகிற பஸ்ஸுக்கு அதைவிடக் கூடுதல் விலை! மே மாதம் கலால் வரியைக் குறைத்தார்கள், ஆனால் நிறுவனங்கள் பங்க் விலையை ஏற்றாமல் தொடர்ந்தன. 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 18,480 கோடி ரூபாய் நஷ்டம் காட்டின. அக்டோபரில் சிலிண்டர் நஷ்டத்துக்காக மத்திய அரசு 22,000 கோடி கொடுத்தது. அது யார் பணம் என்று சொல்லவே வேண்டாம்.

பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது. பங்க் விலை இறங்கியதா? இல்லை. 2023-24 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களின் லாபம் 80,000 கோடியைத் தாண்டியது. குறைப்பு எப்போது வந்தது? தேர்தல் தேதி அறிவிப்புக்கு முந்தின நாள், 2 ரூபாய்!

இன்னொரு பக்கம் வரி. 2014 மே மாதம் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 பைசா. 2020-ல் கொரோனாவால் உலகமே முடங்கிக் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தபோது, மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதம் 10 ரூபாயும் வரியை ஏற்றினார்கள். மொத்தம் 32 ரூபாய் 98 பைசா. சந்தை இறங்கியபோது லாபம் கஜானாவுக்கு. சந்தை ஏறினால் சுமை மக்களுக்கு. தேர்தல் வந்தால் மட்டும் சந்தைக்கே விடுமுறை. இதற்குச் சந்தைப் பொருளாதாரம் என்று பெயர் வைத்தால் பொருளாதாரப் புத்தகம் அழும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பங்க் விலையை அதிபர் நிர்ணயிப்பதில்லை. ஆனாலும் திட்டு அவருக்குத்தான். 2022 ஜூனில் அங்கே ஒரு கேலன் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியபோது பைடன் படாத பாடு பட்டார். அதற்கு முன்பே, மார்ச் கடைசியில், அவசரகாலச் சேமிப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் எண்ணெயைத் திறந்துவிடுவதாக அறிவித்தார். நவம்பரில் தேர்தல் இருந்தது. அங்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் அதை வெளிப்படையாக, பெயர் போட்டு, எண்ணிக்கை சொல்லிச் செய்தார். எதிர்க்கட்சி விமர்சிக்க முடிந்தது. அங்கே விலையை வைக்காத அதிபர் பழியைச் சுமக்கிறார். இங்கே விலையை வைக்கிற அரசு "எனக்குத் தெரியாது" என்கிறது. இதுதான் வித்தியாசம்.

எதிர்க்கட்சிகளின் லட்சணமும் தெரிந்ததே. 1973-ல் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போனார். 2021 ஆகஸ்டில் ராகுல் காந்தி சைக்கிளில் போனார். ஆட்சியில் இல்லாதபோது மாட்டு வண்டி, ஆட்சிக்கு வந்ததும் சர்வதேசச் சந்தை. மாநிலக் கட்சிகளும் சளைத்தவை இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்பதாகச் சொன்னது. ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. டீசல் அன்று அப்படியே இருந்தது.

சரி, இந்த வித்தையால் ஓட்டு விழுகிறதா? 2014-ல் 12 சிலிண்டர் காங்கிரஸைக் காப்பாற்றவில்லை. மக்கள் பெட்ரோலை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை. ஆனால் கட்சிகள் பயப்படுவது நிஜம். 2021 அக்டோபர் 30 இடைத்தேர்தலில் இமாச்சலில் பா.ஜ.க. ஒரு மக்களவைத் தொகுதி, மூன்று சட்டமன்றத் தொகுதி, நான்கிலும் தோற்றது. அன்றைய முதல்வர் ஜெய்ராம் தாக்கூரே விலைவாசியைக் காரணமாகச் சொன்னார். நவம்பர் 2-ல் முடிவு. நவம்பர் 3-ல் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 10 ரூபாய் கலால் வரிக் குறைப்பு அறிவிப்பு! பல மாதக் கூப்பாட்டுக்கு அசையாத வரி, நாலு தொகுதி தோல்விக்கு ஒரே நாளில் அசைந்தது.

வாக்காளரின் பலம் அதில் தெரிகிறது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. ஓட்டுப் போடுகிற வாரத்து விலை மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்பது கட்சிகளின் கணக்கு. போன வருடம் எவ்வளவு கொடுத்தார், அடுத்த மாதம் எவ்வளவு கொடுக்கப் போகிறார் என்று யோசிக்க மாட்டார் என்று நினைக்கிறார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதாவது கொடுப்பவர் செலவு. இது வாக்காளர் பாக்கெட்டிலிருந்தே எடுத்து, அவருக்கே கொடுத்து, தேர்தல் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்கிற லஞ்சம்.

தேர்தல் ஆணையம் என்ன செய்யும்? தேதி அறிவித்த பிறகு புதுச் சலுகை அறிவித்தால் நடத்தை விதி பாயும். ஆனால் இங்கே யாரும் எதையும் அறிவிப்பதில்லை. சும்மா இருக்கிறார்கள், அவ்வளவுதான். சும்மா இருப்பதைத் தடுக்க எந்த விதியிலும் இடம் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. கச்சா எண்ணெய் இன்ன விலைக்கு மேல் போனால் கலால் வரி இவ்வளவு தானாகக் குறையும், கீழே வந்தால் இவ்வளவு ஏறும் என்று ஓர் அட்டவணையை நாடாளுமன்றத்தில் வைத்து நிறைவேற்றலாம். விலையை நிறுத்தி வைப்பதாக இருந்தால் யார் சொல்லி, எத்தனை நாளைக்கு, நஷ்டத்தை யார் ஏற்பது என்று எழுத்தில் வெளியிட வேண்டும். அதெல்லாம் முடியாது, சந்தைதான் முடிவு செய்யும் என்றால் தேர்தல் மாதத்திலும் சந்தையே முடிவு செய்யட்டும்.

அதுவரை வாக்காளர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு மூன்று மாதம் முன்பு பெட்ரோல் போட்ட ரசீது ஒன்று, வாக்குப்பதிவு அன்று ஒன்று, முடிவு வந்து ஒரு மாதம் கழித்து ஒன்று. மூன்றையும் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அந்த மூன்று சீட்டையும் அவர் கையில் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "ஏங்க, அந்த சர்வதேசச் சந்தைக்கு எங்க ஊர் தேர்தல் தேதியை யார் சொன்னது?"