யாருக்கு "நோர்மல்"?

பிரித்தானியாவில் முடியுரு நாடி நோய்க்குச் சிகிச்சை பெற்ற எம் முதியவர்கள் ஆண்டுதோறும் குருதி கொடுக்கின்றனர். பெறுபேறு ஒரே சொல்லாக வீடு வந்து சேர்கின்றது: "நோர்மல்". அச்சொல்லை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரும் எம்மிடையே உளர். மாத்திரையால் இறங்கிய அளவு, மாத்திரையை விட்டால் மீண்டும் ஏறும் என்பதை அவர்களுக்கு எவர் சொன்னார்?

ஆய்வுகூடத் தாளில் அச்சிடப்பட்டுள்ள எல்லை பொதுமக்களுக்கானது. ஒருமுறை மாரடைப்புக் கண்டவருக்கு அது அளவுகோல் ஆகாது. எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 2.8 மில்லிமோலாக இருப்பின் பொதுமக்கள் கணக்கில் அது பெரிய குறையன்று. இதய நோயாளருக்கோ, இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2023 டிசெம்பரில் விதித்த இலக்கு 2.0 அல்லது அதற்குக் கீழ். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2019 இலேயே 1.4 இற்குக் கீழ் என்றது. நைஸ் செலவுக் கணக்கையும் பார்த்தே இலக்கு வகுத்தது என்பது ஒளிவுமறைவற்ற செய்தி. கால்வாயைக் கடந்தால் இதயமும் மாறிவிடுமா என்ன?

இன்னொன்று, லிப்போபுரதம்-ஏ. பரம்பரையாக வருவது, உணவுக் கட்டுப்பாட்டுக்கோ உடற்பயிற்சிக்கோ அசையாதது, வழமையான கொழுப்புப் பரிசோதனையில் அளக்கப்படாதது. ஏழு இனக்குழுக்களை ஒப்பிட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், இதற்கும் மாரடைப்புக்குமான தொடர்பு தெற்காசியரிடமே மிக வலுவாகக் காணப்பட்டது. வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அளக்குமாறு ஐரோப்பிய வழிகாட்டல் அதே ஆண்டில் கூறியது. "குறைக்க வழியில்லாததை அளந்து என்ன பயன்?" என்போர் உளர். பயன் உண்டு. இது உயர்ந்தவருக்கு எல்டிஎல்லை மேலும் கடுமையாகக் குறைக்கலாம். பிள்ளைகளையும் காலத்தோடு பரிசோதிக்கலாம்.

தனியார் விற்கும் நீண்ட பரிசோதனைப் பட்டியல்களை நாம் கேட்கவில்லை. எல்டிஎல், மூன்றுமாதச் சீனி அளவு, சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றின் எண்களை எழுத்தில் தாருங்கள். நோயாளியின் இலக்கை அருகே குறியுங்கள். அதனைத் தமிழில் விளக்கப் பிள்ளைகளை அழைக்காது, தேசிய சுகாதார சேவை இலவசமாக வழங்கவேண்டிய மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். குடும்ப வைத்தியரிடம் செல்லும் ஒவ்வொரு உறவும் இவற்றைக் கேட்டே வாங்கவேண்டும்.