மழலைக்கு முன்னே செவி

குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் வகுத்தறிந்தவர் நம் முன்னோர். 5ஆம் திங்களில் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை, 7இல் தாலாட்டுக் கேட்கும் தால், 9இல் கைகொட்டும் சப்பாணி, 13இல் தளர்நடையிட்டு வரும் வருகை எனப் பிள்ளைத்தமிழ் பருவங்களை அடுக்குகிறது. இன்றைய குழந்தை மருத்துவர் தரும் அட்டவணையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

மைசூரில் வாழும் நம் இல்லங்களிலும், குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது என ஊருக்குச் செய்தி சொல்லும் ஆர்வத்திற்குக் குறைவில்லை. பேச்சைப் பற்றி மட்டும் ஒரு மெத்தனத்தைக் காண்கிறோம். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வாராவிடில், "வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம்; பிள்ளை குழம்புகிறது" என்று ஆறுதல் கூறிக்கொள்வோர் பலர். சிலர் வீட்டில் தமிழையே நிறுத்திவிடுகின்றனர்! இருமொழி கேட்டு வளர்வது பேச்சைத் தடுப்பதில்லை என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. குற்றமற்ற தமிழைத் தண்டிக்கப் புகுவதால் உண்மைக் காரணம் மறைந்துவிடுகிறது. அது சிலவேளை செவிக்குறையாய் இருக்கும்.

அக்குறையைப் பெற்ற தாயும் எளிதில் அறியாள். காது கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும், முதற் சில திங்கள் ஏனைக் குழந்தைகளைப் போலவே ஒலியெழுப்பும். 'பபப', 'மமம' என அசைகளை அடுக்கும் பருவம் உரிய காலத்தில் வாராதபோதே வேறுபாடு தெரியத் தொடங்கும். தட்டைத் தட்டியும் கதவை ஓங்கிச் சாத்தியும் பார்ப்பது சோதனையாகாது. அதிர்வை உடல் உணரும். அசைவைக் கண் காணும். ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தையோ இத்தகைய தேர்வில் எளிதில் தேறிவிடும்.

மைசூர் மானசகங்கோத்திரியில் 1965இல் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தை நாடிப் பல மாநிலத்துப் பெற்றோர் வருகின்றனர். நமக்கோ அது உள்ளூரிலேயே வாய்த்திருக்கிறது. பிறந்த குழந்தைக்குரிய முதற்சோதனை மிக எளியது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவிமுனையை வைத்து மெல்லொலி செலுத்துவர். உட்செவி நலமாயின், அது தானே ஒரு நுண்ணொலியைத் திருப்பியனுப்பும். ஊசியில்லை, வலியில்லை. பிறந்த ஓரிரு நாளில் காதில் தங்கிய நீர் தடுப்பதால் தேறாமற்போவதும் உண்டு. அதற்கு அஞ்ச வேண்டா; ஆனால் மறுசோதனையைத் தவறவிடலாகாது.

1 திங்களுக்குள் சோதனை, 3க்குள் குறையின் உறுதிப்பாடு, 6க்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவ உலகம் வகுத்த அளவு. மூளை ஒலியைப் பழகும் காலம் அது. இரண்டு வயதுவரை காத்திருப்போர் இழப்பது அக்காலத்தையே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம். சேலத்திலோ ஈரோட்டிலோ பிறந்து, சில திங்கள் கழித்து மைசூர் வந்துசேரும் குழந்தைகள் பலர். மருத்துவமனை தந்த சீட்டில் செவிச்சோதனை குறிக்கப்பட்டுள்ளதா என்று தாய்மார்கள் பார்ப்பாராக. இல்லையேல், அடுத்த தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.