‘முதல் பெண்’ போதாது

முத்துலட்சுமி ரெட்டி யார் என்று கேட்டால் நம் மாணவிகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். பரீட்சைக்கு இது போதும். பெண்களுக்குப் போதாது. உள்ளே போனாள் என்று சொல்லிப் பாராட்டிவிட்டு, போய் என்ன செய்தாள் என்ற கேள்வியை மூடிவைக்கத்தான் ‘முதல் பெண்’ என்ற பட்டம் பயன்படுகிறது.

1926இல் அவரை அரசு நியமித்தது. அவர் தேர்தலில் நின்று வரவில்லை. அலங்காரத்துக்கு ஒரு நாற்காலி என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். தாய் சந்திரம்மாள் வழியில் தேவதாசி மரபு அவருக்கு வீட்டுச் செய்தி. 1927இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் சட்டத் திருத்தமே வந்தது.

அந்தத் திருத்தம் கைவைத்தது நிலத்தில். கோயில் ஊழியத்துக்கு ஈடாகவே பெண்களிடம் இனாம் நிலம் இருந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது: ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவளுக்கே. ஒழுக்கம் பற்றி மேடையில் முழங்கியவர்கள் பலர். அவளுடைய சோறு எங்கிருந்து வரும் என்று சட்டமன்றத்தில் யோசித்தவர் இவர்.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு, காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகினார். மசோதா கிடப்பில் விழுந்தது. சட்டமானது 1947இல். பதினேழு ஆண்டுகள்! சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ்காரர்களே மதம், மரபு, கலை என்று எதிர்த்தார்கள். அந்தப் பதினேழு ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் கணக்கை எந்தக் கலை தீர்க்கும்?

அதற்காக அவரைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. தேவதாசிப் பெண்களே சங்கம் கூட்டி, மனுப்போட்டு எதிர்த்தார்கள். எங்களை எல்லாம் ஒரே சொல்லால் இழிவுபடுத்தாதீர்கள் என்றார்கள். அந்தக் குரலுக்கு உரிய இடத்தை முத்துலட்சுமி தரவில்லை. ஆடியவளிடமிருந்து ஆட்டம் பறிபோய், மேல்சாதி வீட்டுக் கூடத்தில் ‘பரதநாட்டியம்’ ஆனது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது பெண்ணியம் ஆகாது. இதையே சாக்காக வைத்து அவர் உழைப்பை உதறுவதும் ஆகாது.

இன்றைக்கு வருவோம். 2021 தேர்தலில் தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். 2023இல் மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. கூடவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்ற பூட்டும் போடப்பட்டது. காத்திருக்கச் சொல்வது இவர்களுக்குப் பழைய பழக்கம்.

ஆகவே மாணவிகளே, அடுத்த முறை ‘முதல் பெண் யார்?’ என்று யாராவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, நீங்களும் ஒன்று கேளுங்கள்: அவர் கொண்டுவந்த மசோதாவைப் பதினேழு ஆண்டுகள் தூங்கவைத்தவர்கள் யார் யார்? அந்தப் பட்டியலையும் பாடப்புத்தகத்தில் போடட்டும்.