நிலவை அடித்தவர்களும் கன்மலையை அடித்தவரும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்திருந்த செய்தி ஒன்றை எனக்குக் காட்டினார். நீர் தேடுகிறோம் என்று சொல்லி அமெரிக்கர் நிலவின்மேல் குண்டெறிந்தார்கள். தேவன் வைத்த சுடரைக் காயப்படுத்தினார்கள். பூமியில் ஜனங்கள் தாகத்தால் தவிக்கையில் கோடிகளை வானத்தில் கொட்டினார்கள். கன்மலையை அடித்த மோசே கானானை இழந்ததுபோல இவர்களும் தண்டனைக்குத் தப்பமாட்டார்கள் என்பதே அதன் சாரம். "ஐயா, இதைப் பிரசங்கத்தில் சொல்லவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். இந்த வாரத் தியானத்தில் சொல்லுகிறேன்; ஆனால் அவர் எதிர்பார்த்த விதமாக அல்ல. பக்தியின் உடை தரித்து வரும் பொய்யும் பொய்யே. அதைச் சபைக்குள் உலவவிடுவது மேய்ப்பனுக்குத் தகாது.

முதலில் நடந்தது என்ன என்று அறிவோம். 2009 ஜூன் 18 அன்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, எல்கிராஸ் என்னும் விண்கலத்தை அனுப்பியது. அதை ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் மேல் அடுக்கான சென்டார், வேலை முடிந்ததும் குப்பையாகியிருக்க வேண்டியது. ஏறக்குறைய 2,300 கிலோ எடையுள்ள அந்த வெற்றுக்கூட்டையே சம்மட்டியாக்கினார்கள். அக்டோபர் 9 அன்று அது மணிக்கு ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் வேகத்தில் நிலவின் தென்துருவத்தருகே உள்ள கபேயஸ் என்னும் பெரும்பள்ளத்தில் மோதியது. எழுந்த தூசுக்குள் பின்தொடர்ந்த கலம் புகுந்து, கண்டவற்றைப் பூமிக்கு அறிவித்துக்கொண்டே, சுமார் நான்கு நிமிடங்களில் தானும் மோதி அழிந்தது. வெடிமருந்து எதுவும் இல்லை. உண்டான குழியின் அகலம் ஏறக்குறைய 25 முதல் 30 மீட்டர். கபேயஸ் பள்ளமோ 100 கிலோமீட்டர் அளவுள்ளது. காலங்காலமாக விண்கற்கள் விழுந்து தழும்பேறிய முகத்தில் இன்னும் ஒரு சிறு வடு. இதைக் குண்டுவீச்சு என்பது அவதூறு.

அந்தப் பள்ளத்தைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. நிலவின் அச்சு மிகச் சிறிதே சாய்ந்திருப்பதால், துருவங்களில் சூரியன் அடிவானத்தை விட்டு உயர்வதில்லை. அங்குள்ள ஆழ்ந்த பள்ளங்களின் அடித்தளம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெளிச்சம் காணவில்லை. பூச்சியத்துக்குக் கீழே 230 பாகைக்கு அருகான அந்தக் குளிரில் உறைந்த நீர் ஆவியாகாமல் தங்கியிருக்கக்கூடும். 1998-ல் லூனார் பிராஸ்பெக்டர் என்னும் கலம் துருவங்களில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதைக் கண்டது. 2008 நவம்பர் 14 அன்று நம் நாட்டின் சந்திரயான்-1 மூவர்ணக் கொடி பொறித்த ஆய்கருவியொன்றைத் தென்துருவத்தருகே மோதச்செய்தது. நிலவை அடித்தவர்களைச் சபிக்கச் சொல்லும் அந்தச் செய்தி இதைச் சொல்லவில்லை. கொள்ளேகாலமும் கோவையும் அறிந்த விஞ்ஞானிகளை நாம் கைதட்டி வாழ்த்திவிட்டு, அதே செயலைச் செய்த அந்நியரை மட்டும் நியாயத்தீர்ப்புக்கு ஒப்புக்கொடுப்பது எந்தத் தராசு?

இனி குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

நிலவு புனிதமானது, தொடலாகாது என்பது முதலாவது. இந்த உணர்வை நான் ஏளனம் செய்யேன். லூனார் பிராஸ்பெக்டர், ஷூமேக்கர் என்னும் அறிஞரின் அஸ்தியில் சிறுபங்கைச் சுமந்து சென்றபோது, நவஹோ பழங்குடியினர் தங்கள் மரபில் நிலவு பரிசுத்தமானது என்று வருந்தினார்கள். நாசா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. பிறர் பயபக்தியை மதிப்பது நல்லது. ஆனால் நம் விசுவாசம் எது? ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நிலவுக்குப் பெயர்கூடச் சொல்லாமல் சிறிய சுடர் என்று மட்டும் குறிப்பிடுகிறது. சுற்றிலுமுள்ள ஜாதிகள் அதை வணங்கியபோது, அது படைக்கப்பட்ட ஒரு விளக்கு மாத்திரமே என்று அந்த அதிகாரம் அறிவித்தது. விளக்கை ஆராய்வது அதை ஏற்றியவரை அவமதிப்பதாகாது.

பணம் வீணாயிற்று என்பது இரண்டாவது. இதுவே கனமான குற்றச்சாட்டு. இத்திட்டத்தின் செலவு 7.9 கோடி டாலர். அது சிறு தொகை அன்று. தாகமும் பொய் அன்று. ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். விலையேறப்பெற்ற தைலம் ஊற்றப்பட்டபோது, இதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று முதலில் கேட்டவன் யார்? பணப்பையை வைத்திருந்து, அதிலிருந்து திருடிய யூதாஸ். அக்கேள்வியைக் கேட்கும் எல்லாரும் யூதாசு என்று நான் சொல்லவில்லை. ஏழைக்காக மெய்யாகவே அழுகிறவர்கள் உண்டு. ஆனால் கோபுரத்துக்கு வர்ணம் பூசும்போதும், மண்டபத்துக்குக் குளிர்சாதனம் வைக்கும்போதும், மகளின் கலியாணத்துக்கு ஊரையே அழைக்கும்போதும் எழாத இந்தக் கேள்வி, அயலாரின் அறிவுத்தேடலுக்கு முன்பாக மட்டும் எழுமானால், அது ஏழைமேல் வைத்த அன்பு அன்று. பூமியின் தாகம் நிலவுக்குப் போன பணத்தால் வந்ததா? ஏரியைப் பட்டா போட்டவனாலும், ஆற்றில் சாயக்கழிவைத் திறந்துவிட்டவனாலும், அதைக் கண்டும் வாய்திறவாத நம்மாலும் வந்தது. வானத்தைக் குற்றஞ்சாட்டுவது எளிது. வார்டு உறுப்பினரைக் கேள்வி கேட்பது கடினம்.

மோசேயின் கதை மூன்றாவது. இங்கேதான் வேதம் வளைக்கப்படுகிறது. மோசே கன்மலையை இருமுறை அடித்தார். இரு வெவ்வேறு இடங்களில். ரெவிதீமில் அடிக்கும்படி தேவனே கட்டளையிட்டார். அவர் அடித்தார், நீர் வந்தது, குற்றமில்லை. காதேசிலோ பேசும்படி சொல்லப்பட்டிருக்க, அவர் கோபங்கொண்டு ஜனங்களைக் கடிந்து, நீரைத் தருகிறவர்கள் நாங்கள்தான் என்பதுபோலப் பேசி, கோலால் அடித்தார். தேவனைப் பரிசுத்தம்பண்ணாமற்போனதே அவர்மேல் சுமந்த குற்றம். ஆகவே கோல் உயர்ந்ததா என்பதல்ல நம் கேள்வி. வந்த நீருக்கு யார் மகிமை எடுத்துக்கொண்டார்கள் என்பதே கேள்வி.

அந்த அளவுகோலால் எல்கிராஸ் குழுவை அளந்துபாருங்கள். சென்டார் ராக்கெட்டின் எரிபொருள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டும் கூடினால் நீர். மிச்சமிருந்ததை அப்படியே கொண்டுபோய் மோதியிருந்தால், தாங்கள் சுமந்துசென்ற ஈரத்தையே நிலவின் ஈரம் என்று அறிவித்திருப்பார்கள். ஆகையால் மோதுமுன் தொட்டிகளிலிருந்து அதை வெளியேற்றி உலர்த்தினார்கள். நீரைத் தேடிப் போனவர்கள் தங்கள் பாத்திரத்தை முதலில் வெறுமையாக்கினார்கள். அன்று உலகமே தூரநோக்கிகளோடு காத்திருந்தும், பூமியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பெருந்தூசி எதுவும் தென்படவில்லை. பலர் தோல்வி என்றார்கள். குழுவினர் வாதாடவில்லை, கருவிகள் சொன்னதைக் கூட்டிக் கழித்து, நவம்பர் 13 அன்றுதான் நீர் உண்டு என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த அளவீடு, தாங்கள் பார்த்த பரப்பில் ஏறக்குறைய 155 கிலோ நீர், அந்த மண்ணில் எடைப்படி சுமார் 5.6 சதவீதம் என்றது, அதனோடு 2.9 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். தங்கள் நிச்சயமின்மைக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1999 ஜூலை 31 அன்று லூனார் பிராஸ்பெக்டரை இதேபோல மோதவிட்டபோது நீரின் அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே உலகத்துக்குச் சொன்னார்கள்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் குற்றவாளிக் கூண்டு திரும்பி நம்மை நோக்குகிறது. பிரசங்கிகளாகிய நாங்கள் வேதத்துக்குள் செல்லும்போது பாத்திரத்தை வெறுமையாக்கிக்கொண்டா செல்லுகிறோம்? எங்கள் கோபத்தையும் அரசியலையும் விருப்பத்தையும் சுமந்துபோய், அங்கே சிந்தியதையே அள்ளி, இதோ தேவ வார்த்தை என்று சபைக்குக் குடிக்கக் கொடுக்கிறோமே! ஒருவர் சுகமடைந்தார் என்று மேடையில் அறிவிக்குமுன் அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்தவர் எத்தனை பேர்? சுகமாகவில்லை என்பது தெரிந்தபின் அதே மேடையில் ஏறித் திருத்தியவர் எத்தனை பேர்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். சாட்சி என்னும் சொல்லுக்கு உரியவர்கள் நாம். சாட்சியின் ஒழுக்கத்தையோ ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களிடம் கற்கவேண்டிய நிலையில் நிற்கிறோம்.

அப்படியானால் அஞ்சவேண்டியது எதுவுமில்லையா? உண்டு. ஆனால் அது அந்தச் செய்தி காட்டிய இடத்தில் இல்லை. நீர் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் அடுத்து வருவது வழக்கு. ஈசாக்கின் வேலைக்காரர் கேராரில் துரவு தோண்டினார்கள். நீர் எங்களுடையது என்று அவ்வூர் மேய்ப்பர் வாக்குவாதம்பண்ணினார்கள். அதற்கு ஏசேக்கு என்று பெயரிட்டார். அடுத்ததற்கும் சண்டை, அது சித்னா. மூன்றாவதற்கு வாக்குவாதமில்லை, அது ரெகொபோத், இடமுண்டாயிற்று என்பது அதன் பொருள். 1967-ன் விண்வெளி உடன்படிக்கை எந்த நாடும் நிலவைத் தன்னுடைமை ஆக்கலாகாது என்கிறது. ஆனால் 2015-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம், தன் குடிமக்கள் விண்வெளியில் எடுக்கும் வளங்கள் அவர்களுக்கே சொந்தமாகலாம் என்றது. நிலம் எவருடையதும் அன்று, அள்ளினால் தண்ணீர் அள்ளியவனுடையது. இந்த நியாயத்தை நம் ஊர்க் கிணற்றடியில் ஏற்போமா? குடிநீராகவும் சுவாசக்காற்றாகவும் ராக்கெட் எரிபொருளாகவும் ஆகக்கூடிய அந்தப் பனிக்கட்டி சில பள்ளங்களில் மட்டுமே உள்ளது. அது ஏசேக்கு ஆகுமா, ரெகொபோத் ஆகுமா என்று கேட்பதே சபைக்குத் தகுந்த கேள்வி.

அந்த மூத்த சகோதரரிடம் ஒரு விண்ணப்பம்: அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாதேயுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடம் அன்போடு உண்மையைச் சொல்லுங்கள். ஏழையின் தாகம் உங்களை வருத்துகிறதென்றால், அது நல்ல வருத்தம். வருகிற சனிக்கிழமை நம் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருப்பவர்களோடு நானும் நீங்களுமாகச் சென்று நிற்போம், அவர்களுடைய மனுவில் கையெழுத்திடுவோம்.

சகலத்தையும் படைத்த ஆண்டவரே, இருளான பள்ளத்திலும் நீரைச் சேமித்துவைத்தவர் நீரே. எங்கள் பாத்திரங்களை முதலில் வெறுமையாக்கும். நாங்கள் கொண்டுவந்ததை உம்முடையது என்று சொல்லாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். ஆமென்.