28 கிராமின் கணக்கு

அழகான பொருளைக் கண்டால் அதன் கணக்கைக் கேட்க மறந்துவிடுகிறோம். விலையுயர்ந்த ஹைபிரிட் கார்களைப் பற்றிய செய்திகளை வாசிக்கும்போது எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. ஜகுவார் சி-எக்ஸ்75 இதற்கு நல்ல உதாரணம்.

இது 2010இல் பரிஸ் மோட்டார் கண்காட்சியில் வைக்கப்பட்ட மாதிரிக் கார். ஜகுவார் என்ற பெயரின் 75 ஆண்டு நிறைவுக்காக உருவானது. நான்கு சில்லுகளுக்கும் தனித்தனி மின்மோட்டர்கள். ஒவ்வொன்றும் 145 கிலோவாற்று வலுவுடையது. பின்புறத்தில் இரண்டு சிறிய வாயுச் சுழலிகள். அவை நிமிடத்துக்கு 80,000 தடவை சுழலும். ஆனால் சில்லுகளைச் சுழற்றுவது அவற்றின் வேலையல்ல; மின்னைப் பிறப்பிப்பதே வேலை. சுழலிக்கு நிறையக் காற்று வேண்டும் என்பதால் காரின் உடலும் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டது. அழகும் பௌதிகவியலும் ஒன்றாகச் சேர்ந்த வேலை இது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதனுடன் ஓர் எண்ணும் வந்தது. ஒரு கிலோமீற்றருக்கு வெறும் 28 கிராம் காபனீரொட்சைட்டு! சாதாரணச் சிறிய காரே 100 கிராமுக்கு மேல் வெளியிடும்போது, இத்தனை வேகமான கார் எப்படி 28 கிராமில் நின்றது?

விடை அளக்கும் விதியில் இருக்கிறது. அக்கால ஐரோப்பிய விதிப்படி, மின்னில் ஓடும் தூரத்துக்குப் புகை பூச்சியம். மின்கலம் தீர்ந்தபின் 25 கிலோமீற்றர் மட்டும் எரிபொருளில் ஓடுவதாக எடுத்துக்கொண்டு சராசரி காண்பார்கள். இந்தக் கார் மின்னில் 110 கிலோமீற்றர் ஓடும் என்றார்கள். கூட்டினால் 135. 28ஐ 135ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் சுமார் 150 கிராம் வருகிறது. சுழலி இயங்கும்போது உள்ள அளவு அதுதான். மொத்தம் 900 கிலோமீற்றர் ஓடும் என்றும் சொன்னார்கள். அந்த நீண்ட பயணத்துக்குச் சராசரி கண்டால் 130ஐத் தாண்டுகிறது.

தினமும் மின்னேற்றிக் குறுந்தூரம் மட்டும் ஓடுபவருக்கு அந்த எண் பொருந்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்போதும் அந்த மின் எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நுரைச்சோலையில் நிலக்கரி எரிவதை அறிந்த நமக்கு, மின்னேற்றிய கார் புகையே இல்லாதது என்று சொல்ல வாய் வராது.

நிறுவனம் பொய் சொல்லவில்லை, விதியைத்தான் பின்பற்றியது. எனினும் அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் சூறத்துல் முதஃப்பிபீனை ஓதி வளர்ந்த நமக்கு, அளவு என்பது விதியைத் திருப்திப்படுத்துவதோடு முடிவதில்லை. கேட்பவருக்கு முழு உண்மையும் போய்ச்சேர வேண்டும்.

அந்தக் கார் விற்பனைக்கு வரவேயில்லை. அதிகபட்சம் 250 கார்கள் செய்வதாக 2011இல் அறிவித்தார்கள். சுழலிகளை விட்டுவிட்டு 1.6 லீற்றர் பெற்றோல் இயந்திரத்துக்கு மாறினார்கள். 2012 டிசம்பரில் பொருளாதார நிலையைக் காட்டித் திட்டத்தையே கைவிட்டார்கள். அதனால் அந்த முயற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். செய்து பார்த்தால்தான் எது ஆகும், எது ஆகாது என்று தெரியும்.

பெற்றோரே, ஹைபிரிட் கார் வாங்கப் போனால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பாதையில், எந்த முறையில் அளந்தது என்றும் கேளுங்கள். கார் ஆண்பிள்ளைகளின் விடயம் என்று நினைக்கும் தோழிகளே, மேலே நான் செய்தது பெருக்கலும் வகுத்தலும் மட்டுமே. வீட்டில் அந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள்.